துவைக்காத ஒரே துணி

எங்கள் சலவைக் கடையின் பலகையில் ‘எந்த அழுக்கும் ஒரே நாளில் போகும்’ என்று எழுதியிருக்கிறது. எழுதியவர் பெயின்டர், சொன்னவள் நான். கூடவே ‘பெரும்பாலும்’ என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளலாம் என்றார் என் வீட்டுக்காரர். அவர் அப்படித்தான், கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். நான் சேர்க்க விடவில்லை.

கீழே கடை, கடைக்குப் பின்னால் பாய்லர் அறை, மேலே நாங்கள் குடியிருக்கும் ஒரே அறையும் ஒரு சமையலறையும். பாய்லர் அறை வெக்கை எனக்கு ஆகாது. உள்ளே கால் வைத்தால் தலைவலி வந்துவிடும். ஆகவே அது அவருடைய ராஜ்யம். மதியச் சாப்பாடு முடிந்ததும் “பிரஷர் பாத்துட்டு வரேன்” என்று போவார். பார்த்துவிட்டு வர வெகுநேரம் ஆகும். எவ்வளவு பொறுப்பான மனிதர் என்று நானும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவள் நான், தொழில் அப்படி.

எங்களுக்கு இரண்டு பூனைகள். பெரியவன் முழு வெள்ளை. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரை எல்லாம் ஏற இறங்கப் பார்ப்பான். வாடிக்கையாளர்கள்தான் அவனுக்கு முதலாளி என்று பெயர் வைத்தார்கள். சின்னவள் செம்பட்டை. ஒரு ஹோட்டலிலிருந்து வந்த திரைச்சீலை மூட்டையைப் பிரித்தபோது உள்ளே கிடந்தாள், என் உள்ளங்கையில் அடங்குகிற அளவில். ஹோட்டலுக்குப் போன் செய்து, “உங்க மூட்டையில ஒரு பூனைக்குட்டி இருக்கு” என்றேன். “கர்ட்டன் எண்ணிக்கை சரியா இருக்கா?” என்று கேட்டார்கள். சரியாக இருந்தது. வைத்துவிட்டார்கள். பாலை விரலில் தொட்டுத் தொட்டு ஊட்டி நான்தான் வளர்த்தேன். பொத்தான் என்று பெயர் வைத்தேன். கொஞ்ச நாளிலேயே அவள் முதலாளியின் வாலைப் பிடித்துக்கொண்டு திரிந்தாள், அவனும் அவளை நக்கி நக்கிப் பளபளவென்று வைத்திருந்தான். சலவைக் கடைப் பூனை அல்லவா.

அவள் பருவத்துக்கு வந்ததும் தெருவில் உள்ள கடுவன்கள் எல்லாம் எங்கள் வாசலில் கச்சேரி வைக்க ஆரம்பித்தன. குட்டி போட்டுத் தள்ளினால் எங்கே வைப்பது? டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டு வந்தோம். வயிற்றில் மழித்த இடத்தில் சின்னதாக ஒரு தையல். தையலை நக்காமல் இருக்கக் கழுத்தைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கூம்பு. “எகிறக் கூடாது, ஓடக் கூடாது, அவ்வளவுதான்” என்றார் டாக்டரம்மா. இதென்ன பிரமாதம் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கூடையை அறை நடுவில் வைத்துத் திறந்தேன். பொத்தான் தள்ளாடிக்கொண்டே வெளியே வந்தாள். முதலாளி ஆசையாக ஓடி வந்தான், மூக்கை நீட்டினான், மோந்தான். அடுத்த நொடி முதுகைத் தூக்கி, வாலைப் புடைத்துக்கொண்டு, குழாயில் ஆவி வருகிற மாதிரி ஒரு சீறல். பொத்தான் பயந்து கட்டிலுக்கு அடியில் போனாள். கூம்பு கட்டில் காலில் மாட்டிக்கொண்டது. நான் குப்புறப் படுத்து அவளைப் பின்பக்கமாக இழுத்தேன்.

“இவனுக்கு என்ன வந்துச்சு?” என்றார் அவர்.

“நாறுதுங்க அவ மேல. ஆஸ்பத்திரி மருந்து. எனக்கே குமட்டுது, அவனுக்குக் கேக்கணுமா?”

அப்போது கடைப் போன் அடித்தது. நான் இறங்கிப் போய் எடுக்குமுன் அவர் பாய்ந்துபோய் எடுத்தார். எங்கள் பழைய வாடிக்கையாளர் வக்கீல் சார். மறுமுனையில் அவர் போடும் சத்தம் மாடிப்படி வரை கேட்டது.

“ஸ்பெஷல் ப்ராசஸ்ல இருக்கு சார். அவசரப்பட்டா துணி கெட்டுடும்,” என்று குழைந்தார் என் வீட்டுக்காரர்.

“எந்தத் துணிங்க?” என்றேன், போனை வைத்ததும்.

“அது ஒரு பிடிவாதமான கறைம்மா. உனக்கெதுக்கு அந்த டென்ஷன்? நீ பூனையப் பாரு.”

பூனையைப் பார்த்தேன். பிரச்சினை வாசனை. வாசனையைப் போக்குவதுதானே நம் தொழில்? இதற்குப் போய் டாக்டரம்மாவைத் தொந்தரவு செய்வானேன் என்று இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். பொத்தான் படுத்த விரிப்பு, கூடையில் போட்ட துண்டு இரண்டையும் முதலில் கொதிநீரில் போட்டேன். அவள் கட்டிலுக்கு அடியில் போனாளே என்று கட்டில் விரிப்பு, தலையணை உறைகள். பக்கத்தில் தொங்கியதால் திரைச்சீலை. மிதியடிகள். சோபா உறை. என் வீட்டுக்காரர் பனியனை உடம்பிலிருந்து உரித்து வாங்கினேன். தரையை மூன்று வாளி தண்ணீர் விட்டுத் துடைத்தேன். எல்லாம் முடிந்து நிமிர்ந்தால், பழைய கோலத்தில் இருந்தது முதலாளி ஒருவன்தான். அவன் மட்டும் ஏன் பாக்கி? ஷாம்பு போட்ட ஈரத் துண்டால் அவனைத் தலை முதல் வால் வரை துடைத்தேன். பொத்தானையும் தையலில் படாமல் முதுகில் ஒரு துடை துடைத்தேன்.

வீடு கண்ணாடி மாதிரி இருந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பொத்தான் மெல்ல எட்டிப் பார்த்தாள். சுவரை மோந்தாள், தரையை மோந்தாள், சோபாவை மோந்தாள். அவள் முகத்தில் வழி தவறி வேறு வீட்டுக்கு வந்துவிட்ட கலவரம். முதலாளி இஞ்சி தின்ற குரங்கு மாதிரி உட்கார்ந்து தன் காலையே மோந்து பார்த்துக்கொண்டிருந்தான். தான் யார் என்பதே அவனுக்குச் சந்தேகமாகிவிட்டது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முன்பாவது ஒருவர்தான் அந்நியர். இப்போது இரண்டு பேருமே அந்நியர், வீடும் அந்நியம். கத்தின கத்தலில் கீழே இஸ்திரி போட வந்தவர்கள் ஓடிவந்துவிட்டார்கள். அவன் துரத்த, அவள் மேசைக்குத் தாவி, மேசையிலிருந்து அலமாரிக்குத் தாவி, கூம்பு இடித்துத் தொப்பென்று கீழே விழுந்தாள்.

தூக்கிப் பார்த்தேன். தையலுக்குப் பக்கத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம். கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு நாங்கள் இருவரும் டாக்டரம்மாவிடம் ஓடினோம்.

டாக்டரம்மா வீக்கத்தை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“என்னம்மா பண்ணீங்க?”

“சுத்தம் பண்ணேன் டாக்டர்.”

“எதை?”

“எல்லாத்தையும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு சொன்னார்: “நல்ல வேளை, தையல் கெட்டியா இருக்கு. இது உள்ள தண்ணி கோத்துக்கிட்ட வீக்கம், தானா வத்திடும். ஆனா இன்னொரு தடவை இப்படிச் சண்டை போட்டு எகிறுச்சுன்னா தையல் விட்டுடும். மறுபடி மயக்க மருந்து, மறுபடி கத்தி. இந்தச் சின்ன உடம்பு அதைத் தாங்கும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்.”

“அவன் ஏன் டாக்டர் இப்படி மாறிட்டான்?”

“பூனைக்கு மூஞ்சி அடையாளம் இல்லம்மா, வாசனைதான் அடையாளம். வீட்டு வாசனைன்னு ஒண்ணு இருக்கும். அது மேல இருந்தாத்தான் நம்ம ஆளுன்னு நம்பும். நீங்க அதையே வெளுத்துட்டீங்க. ரெண்டும் முன்னாடி ஒண்ணா படுத்த துணி ஏதாவது இருந்தா, துவைக்காததா, அதை வெச்சு ரெண்டையும் தடவுங்க. அதையே விரிச்சு விடுங்க.”

“துவைக்காததா?” என்றேன்.

“ஆமா. ஒரு வீடுன்னா ஒரு அழுக்குத் துணி இல்லாமயா போயிடும்?”

என் வீட்டுக்காரர் இருமினார். நான் அவரை முறைத்தேன்.

ஊர் அழுக்கெல்லாம் எங்கள் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, எங்கள் அழுக்கு என்று ஒரு பிடி இல்லை. தலைகீழாகத் தேடினேன். அலமாரி, பரண், பெட்டி எல்லாம் வெள்ளை வெளேர். கதவுக்குப் பின்னால் ஒரு கைக்குட்டை கிடைத்தது. நம்பிக்கையோடு எடுத்தால், இஸ்திரி போட்டு நாலாக மடித்திருந்தது. நான் மடித்ததுதான். கடைசியில் அவர் அன்று போட்டிருந்த காலுறையைக் கழற்றிக் கொடுத்தார். அதை முதலாளி மூக்கில் காட்டினோம். அவன் பொத்தானை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சீறினான்.

இரண்டையும் பிரித்து வைக்கலாம் என்றால் இருப்பது ஒரே அறை. பொத்தானைச் சமையலறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். முதலாளிக்குக் கைப்பிடியில் தொங்கிக் கதவைத் திறக்கிற வித்தை தெரியும். நாற்காலியை முட்டுக் கொடுத்தேன். அவன் கதவைப் பிராண்ட, உள்ளே அவள் பயத்தில் அடுப்பு மேடைக்குத் தாவப் பார்த்தாள். பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு வாரம் முழுக்க மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கடையை யார் பார்ப்பது?

இந்த நிலைமையில்தான் என் நாத்தனார் போன் செய்தாள். அவருடைய தங்கை. நல்லவள்தான், தங்கமானவள், ஆனால் அவள் பிள்ளைகள் இருக்கிறார்களே.

“அண்ணன் எல்லாம் சொல்லுச்சு. ஏன் அண்ணி கஷ்டப்படறீங்க? எங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க. பசங்க ரொம்ப நாளா ஆசைப்படுதுங்க. ஆனா ஒண்ணு, தையல் பிரிச்சப்புறம் திருப்பிக் கேக்கக் கூடாது. பசங்க மனசு ஒடிஞ்சிடும். சாயங்காலம் கூடையோட வரட்டா?”

அவள் பிள்ளைகளின் அன்பு லேசுப்பட்டதல்ல. கட்டிப் பிடிப்பார்கள், பொம்மைச் சட்டை மாட்டுவார்கள், தலைக்குப் பவுடர் போடுவார்கள். அந்த வீட்டிலிருந்து ஒரு ஆமையே ஓடிப்போயிருக்கிறது. ஆனாலும் தையல் விட்டுப் பொத்தான் செத்துப்போவதைவிட, பொம்மைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கேயோ உயிரோடு இருப்பது மேல் அல்லவா? “சரி, வாம்மா” என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேனே தவிர, மனசு ஒப்பவில்லை. மடியில் அவள் கூம்புக்குள்ளிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். திரைச்சீலை மூட்டைக்குள்ளிருந்து பார்த்த அதே பார்வை. அன்றைக்கு யாரும் வேண்டாம் என்றதை நான் வேண்டும் என்று எடுத்தேன். இன்றைக்கு என் சுத்தத்தாலேயே அவளை வெளியே அனுப்புகிறேன். விம்மி விம்மி அழுதேன். துடைத்துக்கொள்ளக் கிடைத்ததும் அந்த இஸ்திரி போட்ட கைக்குட்டைதான்.

என் வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மதில் மேல் பூனை மாதிரி ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

“ஒண்ணு சொல்லணும். நீ கத்தக் கூடாது.”

“கத்தற நெலமையிலயா இருக்கேன்?”

“துவைக்காத துணி ஒண்ணு இருக்கு.”

அழுகை நின்றுவிட்டது. “எங்க?”

“பாய்லர் ரூம்ல. வக்கீல் சாரோட கோட்டு.”

“அது ஸ்பெஷல் ப்ராசஸ்ல இல்ல இருக்கு?”

அவர் தரையைப் பார்த்தார். “அது வந்து... குளிர் ஆரம்பிச்சப்போ குடுத்தாரு. அன்னைக்குப் பிரஷர் பாக்கப் போனப்போ, பாய்லர் பக்கத்துல கொஞ்சம் தலை சாய்க்கலாம்னு அதை விரிச்சேன். நல்ல கெட்டிக் கோட்டு. ரெண்டும் வந்து பக்கத்துல படுத்துக்கிச்சுங்க. எடுக்க மனசு வரல. அப்புறம் தெனம் அதே மாதிரி...”

“தெனம் மத்தியானமா?”

“பிரஷரும் பாத்தேன்மா.”

என் கடையில், ‘ஒரே நாளில்’ என்று பலகை தொங்குகிற என் கடையில், வாடிக்கையாளர் கோட்டை ஒரு குளிர்காலம் முழுக்கப் பாயாக விரித்து ஒரு மனிதரும் இரண்டு பூனைகளும் குறட்டை விட்டிருக்கிறார்கள். வேறொரு நாளாக இருந்தால் அவர் மேல் ஆவி அடித்து இஸ்திரி போட்டிருப்பேன். அன்றைக்கு எழுந்துபோய் அவர் தலையில் ஒரு முத்தம் வைத்தேன். மனிதர் அடிக்கத்தான் வருகிறேன் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

வெக்கையாவது தலைவலியாவது, பாய்லர் அறைக்குள் நானே ஓடினேன். கோட்டு மூலையில் கிடந்தது. உள்பக்கம் மேலே தெரியும்படி விரித்திருந்தார். வெளிப்பக்கம் அழுக்காகக் கூடாது என்ற அக்கறையாம். உள்ளே தைத்திருந்த கறுப்பு லைனிங் ஒருகாலத்தில் வழவழவென்று இருந்திருக்கும். இப்போது வெள்ளை முடியும் செம்பட்டை முடியுமாகக் கம்பளி போல ஆகியிருந்தது. அப்படி ஒரு அழுக்கைப் பார்த்து என் வாழ்நாளில் நான் சந்தோஷப்பட்டதில்லை.

மேலே கொண்டுவந்து, முதலில் பொத்தான் கன்னம், முதுகு, வால் எல்லாம் தடவினேன். முதலாளியை அவர் பிடித்துக்கொள்ள, அவனையும் தடவினேன். கோட்டைத் தரையில் விரித்துப் பொத்தானை அதன்மேல் விட்டேன். அவள் காலால் அதை மாற்றி மாற்றி அமுக்கினாள், சுற்றிச் சுற்றி வந்தாள், பொத்தென்று படுத்தாள்.

“விடுங்க அவனை,” என்றேன்.

முதலாளி காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு வந்தான். கோட்டின் ஓரத்தை மோந்தான், காலரை மோந்தான், பொத்தானின் வாலை மோந்தான். அவள் அசையவில்லை. மோந்துகொண்டே முன்னால் வந்து, கூம்புக்குள் தன் முழுத் தலையையும் நுழைத்தான். உள்ளே கடிக்கிறானோ என்று நான் பாய்ந்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். கூம்புக்குள்ளிருந்து சளப் சளப் என்று சத்தம் வந்தது. அவள் காதை நக்கிக்கொண்டிருந்தான்.

இந்த நேரம் பார்த்து வக்கீல் சார் போன்.

“நாளைக்குக் காலைல கோர்ட்டுக்குக் கோட்டு வேணும். கறை போனாலும் சரி, போகலைன்னாலும் சரி. இல்லேன்னா உங்க மேலயே கேஸ் போடறேன்!”

கோட்டு போக வேண்டும், ஆனால் வாசனை போகக் கூடாது. சலவைக்காரிக்கு வழி தெரியாதா? துணி போகட்டும், லைனிங் நிற்கட்டும். தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். பூனைகள் இரண்டும் லைனிங் மேல் தூங்க, அவற்றை எழுப்பாமல் ஓரமாக ஒவ்வொரு தையலாகப் பிரித்துக்கொண்டே வந்தேன். ஒரு தையல் விடவே கூடாது, இன்னொரு தையல் விட்டே ஆக வேண்டும். அவர் பூனைகளை லைனிங்கோடு சேர்த்து அங்குலம் அங்குலமாகத் தூக்கிப் பிடித்தார். மதியம் எல்லாம் தூங்கின கை, இன்றைக்காவது உழைக்கட்டும்.

நாத்தனார் கூடையோடு உள்ளே வந்தபோது பாதிக் கோட்டு பிரிந்திருந்தது.

“என்ன அண்ணி இது? ஐயய்யோ, எவ்வளவு அழுக்கு! இதுலயா படுக்க வெச்சிருக்கீங்க? குடுங்க, நான் மெஷின்ல போட்டுட்டு வரேன்.”

“கை வெச்ச, நடக்கறது வேற!” என்று கத்திவிட்டேன். கையில் கத்தி வேறு இருந்தது. பாவம், இரண்டு அடி பின்னால் போய்விட்டாள். அப்புறம் குரலைத் தணித்து, “கூடைய எடுத்துக்கிட்டுப் போம்மா. பொத்தான் எங்கயும் வரல. பசங்களுக்கு நான் துணிப் பொம்மை தெச்சுத் தரேன்” என்றேன்.

“துணிப் பொம்மையா?” என்றாள்.

“அது ஓடிப்போகாது,” என்றார் அவள் அண்ணன்.

காலையில் வக்கீல் சார் வந்தபோது கோட்டு பளபளவென்று தொங்கியது. புது லைனிங், நான் தைத்தது, காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் அதை உதறிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கேஸ் போட முடியவில்லையே என்ற வருத்தம் முகத்தில் தெரிந்தது. முதலாளி கல்லாவிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் படுக்கையை ஒருத்தர் போட்டுக்கொண்டு போகிறாரே என்று.

பொத்தானின் வீக்கம் மெல்ல வற்றியது. தையலும் பிரித்தாயிற்று, கூம்பும் கழன்றது. அன்று வீடு திரும்பியதும் அவள் படி ஏறி ஓட, முதலாளி அவள் பின்னால் விளையாட்டாகத் துரத்திக்கொண்டு ஓடினான். “இனிமே அந்தத் துணியைத் துவைச்சிடலாம்” என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எத்தனை நாளாகக் காத்திருந்தேன் அதற்கு! லைனிங்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மெஷினைத் திறந்தேன்.

போடுவதற்கு முன்னால், ஏனோ தெரியவில்லை, மூக்குக்கிட்டே கொண்டுபோனேன். முதலாளியின் வெயில் வாடை இருந்தது. பொத்தானின் பால் வாடை இருந்தது. ஒரு ஓரத்தில் அந்த ஆஸ்பத்திரி மருந்துகூட இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் என் வீட்டுக்காரருடைய ஷேவிங் சோப்பு. இது எங்கள் வீட்டு வாசனை. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தி, அன்றன்றைக்கே வெளுத்து வெளுத்து, அதை நான் மோந்து பார்த்ததே இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மெஷினை மூடிவிட்டு, லைனிங்கைக் கொண்டுபோய்ப் பாய்லர் அறை மூலையில் பழைய இடத்திலேயே விரித்தேன். சுருக்கம் இல்லாமல் நீவியும் விட்டேன். திரும்பினால் அவர் வாசலில் நிற்கிறார், இரண்டு பூனைகளும் அவர் காலடியில்.

“என்னம்மா, துவைக்கலையா?”

“ஸ்பெஷல் ப்ராசஸ்ல இருக்கு,” என்றேன். “அவசரப்பட்டா துணி கெட்டுடும்.”